தேன் நீங்கிய தேன்மருந்து: கிரேக்க, யூனானி, ஐரோப்பிய மருந்து மரபுகளில் தேனின் இடம்

முன்னுரை

மருத்துவ வரலாற்றில் தேன் பெற்றுள்ள இடத்தைப் பற்றி எழுதப்படும் கட்டுரைகள் பெரும்பாலும் ஒரே வரிசையில் செல்கின்றன. எகிப்தியர் தேனைப் பயன்படுத்தினர், கிரேக்கர் போற்றினர், அரபு மருத்துவர் ஏற்றுக்கொண்டனர், ஐரோப்பியர் தொடர்ந்தனர், இன்றைய அறிவியல் அதன் பயனை மெய்ப்பித்துள்ளது. இவ்வரிசையில் தேன் மாறாத ஒரு பொருளாக நிற்கிறது. காலமும் மொழியும் மட்டுமே அதனைக் கடந்து செல்கின்றன. பெருமிதம் தரும் இந்த எடுத்துரைப்பு ஆய்வுக்குத் தீங்கு செய்கிறது. மருந்து நூல்கள் தேனைக் கொண்டு எதனைச் செய்ய முயன்றன, யாருக்கு அதனை மறுத்தன, எப்போது அதன் இடத்தில் வேறொன்றை வைத்தன என்னும் வினாக்களுக்கு அதில் இடமில்லை.

காடியும் தேனும் கலந்து காய்ச்சிய ஒரு மருந்தின் வரலாற்றை முதன்மைச் சான்றாகக் கொண்டு இக்கட்டுரை மூன்று கருத்துகளை முன்வைக்கிறது. ஒன்று, கிரேக்க-அரபு மரபில் தேன் அனைவருக்கும் நலம் தரும் பொருளாக ஒருபோதும் கருதப்படவில்லை. இரண்டு, தேனின் பெயரைத் தாங்கிய மருந்துகள் பலவற்றில் தேன் இடைக்காலத்திலேயே சர்க்கரைக்கு இடம் கொடுத்துவிட்டது. மூன்று, இன்றைய நுண்ணுயிரியல் விளக்கங்களைப் பழைய வாய்பாடுகளின் மீது நேரடியாக ஏற்றுவது அவ்வாய்பாடுகளின் செய்முறையைப் படியாமல் விடுவதாகும். இக்கருத்துகள் தமிழ் மருத்துவ ஆய்வுக்கும் உரியவை என்பது இறுதியில் எடுத்துக்காட்டப்படும்.

காடித்தேன்: கிரேக்க மூலம்

காடித்தேனைக் கிரேக்கர் 'ஒக்சுமெலி' என்றனர். 'ஒக்சுஸ்' புளிப்பையும் 'மெலி' தேனையும் குறிக்கும். ஹிப்போகிரட்டீஸ் பெயரில் வழங்கும் தொகுதியுள் கடும் நோய்களில் கொள்ளத்தக்க உணவு முறையைக் கூறும் நூல், வாற்கோதுமைக் கஞ்சி, திராட்சை மது, தேன்நீர், காடித்தேன் ஆகியவற்றை ஒன்றன்பின் ஒன்றாக ஆராய்கிறது. அந்நூலின் சிறப்பு அதன் தயக்கத்தில் உள்ளது. காடித்தேன் சளியை மேலெழச் செய்து மூச்சை எளிதாக்கும் என்று கூறும் ஆசிரியர், மிகப் புளித்த காடித்தேன் சளியை வெளிக்கொணராவிடின் அதனை மேலும் பிசுபிசுப்பாக்கித் தீங்கு செய்யும் என்றும் எச்சரிக்கிறார். தேன்நீர் பித்த உடலினர்க்கு ஏற்றதன்று என்பதும் அவர் கூற்று. மருந்தின் புகழைப் பாடுவதைவிட, அது எங்கே தவறும் என்பதைச் சொல்வதிலேயே நூல் மிகுதியும் கருத்துச் செலுத்துகிறது.

கி.பி. முதல் நூற்றாண்டில் டயஸ்கோரிடீஸ் தம் ஐந்து பகுதி மருந்துப்பொருள் நூலில் ஆத்திக நாட்டுத் தேனை முதன்மையானது எனக் கொண்டு தேன் வகைகளைத் தரம் பிரிக்கிறார். அதே பகுதியில், பொந்தஸ் நாட்டு ஹெராக்ளியாவில் சில பருவங்களில் கிடைக்கும் தேன் உண்டவரை மதிமயங்கச் செய்யும் என்றும் குறிப்பிடுகிறார். கருங்கடற் கரையில் தேனுண்டு மயங்கி வீழ்ந்த கிரேக்கப் படையினரைப் பற்றிச் செனபோன் எழுதியதும் இந்நிலப்பகுதியைப் பற்றியே. அங்கு வளரும் ரோடோடென்ட்ரான் மலர்களின் நச்சுப்பொருள் தேனில் கலப்பதே இதற்குக் காரணம் என்பது இன்று தெளிவு. ஆக, பண்டை மருந்தியலில் 'தேன்' என்னும் சொல் ஒரே பொருளைச் சுட்டவில்லை. நிலம், பருவம், மலர் ஆகியவற்றைச் சேர்த்தே மருத்துவர் அதனை அறிந்தனர்.

கேலன் (129 – ஏறத்தாழ 216) இவ்வெச்சரிக்கையை ஒரு கோட்பாடாக வளர்த்தார். உணவுகளின் ஆற்றல் பற்றிய நூலின் தொடக்கத்தில், தேன் நல்லது என ஒருவரும் தீயது என மற்றொருவரும் தத்தம் உடலையே சான்றாக்கி வாதிட்ட நிகழ்ச்சியை அவர் எடுத்துரைக்கிறார். இருவர் கூற்றும் உண்மையே. இருவரின் உடற்கலவை வேறு என்பதை அவர்கள் எண்ணவில்லை என்பது கேலனின் தீர்ப்பு. முதியோர்க்கும் குளிர்ந்த உடலினர்க்கும் தேன் நல்ல குருதியாகும்; இளையோர்க்கும் வெப்ப உடலினர்க்கும் அது பித்தமாகும். 'பண்டையோர் தேனை அமுதமாகக் கருதினர்' என்று எழுதுவோர் கேலனின் இந்தப் பக்கத்தைத் தாண்டியே செல்ல வேண்டியுள்ளது.

சொல்லில் எஞ்சிய தேன்

ஹுனைன் இப்னு இஸ்ஹாக் (809–873) தலைமையில் பாக்தாதில் நடைபெற்ற மொழிபெயர்ப்புப் பணியால் கேலனின் நூல்கள் சிரியாக்கிலும் அரபியிலும் வழங்கலாயின. 'யூனானி' என்னும் பெயரே கிரேக்கத்தைக் குறிக்கும் அரபுச் சொல்லிலிருந்து வந்தது. எனினும் காடித்தேனுக்கு அரபு மருத்துவர் கிரேக்கப் பெயரை வைத்துக்கொள்ளவில்லை. பாரசீகத்தில் காடியையும் தேனையும் குறிக்கும் இரு சொற்கள் இணைந்து பிறந்த 'சிகஞ்சபீன்' என்பதையே அவர்கள் ஆண்டனர். இச்சொல்லின் பிற்பகுதியாகிய 'அங்கபீன்' தேனைக் குறிப்பது. கிரேக்கக் கோட்பாடும் பாரசீகப் பெயரும் அரபு உரைநடையும் ஒரே கிண்ணத்தில் சேர்ந்தமைக்கு இம்மருந்து சான்று. இப்னு சீனா (980–1037) இதற்கெனவே தனியொரு சிறுநூல் எழுதினார் என்பது, அன்றாட மருத்துவத்தில் இது பெற்றிருந்த இடத்தைக் காட்டுகிறது.

இம்மருந்தின் வரலாற்றில் குறிப்பிடத்தக்க திருப்பம் கரும்பால் நேர்ந்தது. கூசிஸ்தானிலும் பின்னர் எகிப்திலும் சர்க்கரை உற்பத்தி பெருகியபோது அரபு மருந்து நூல்களில் சர்க்கரை தேனின் இடத்தைப் படிப்படியாகப் பெற்றது. இதனை வணிகத்தின் விளைவு என்று மட்டும் கொள்ள இயலாது. தேன் இரண்டாம் படியில் வெப்பமும் வறட்சியும் உடையது என்பது கேலனிய மரபின் கணிப்பு. சர்க்கரை அதனினும் வெப்பம் குறைந்தது. பித்தக் காய்ச்சலுக்கெனக் கொடுக்கும் பானத்தில் தேனைச் சேர்ப்பது கோட்பாட்டளவிலேயே இடர் தருவது. தேனை விலக்கிச் சர்க்கரையைச் சேர்த்தவர்கள் கேலனை மீறவில்லை. தேனைப் பற்றி அவர் சொன்னதையே பின்பற்றினர். பெயர் மட்டும் மாறவில்லை. சர்க்கரையும் காடியும் கலந்த பானமும் 'சிகஞ்சபீன்' என்றே வழங்கிற்று. இன்றும் ஈரானில் வெயிற்காலத்தில் புதினாவுடன் அருந்தப்படும் அப்பானத்தில் சர்க்கரையே இனிப்பாகும் வழக்கு மிகுதி.

ரோசா மலருக்கு நேர்ந்ததும் இதுவே. கிரேக்கரின் 'ரொதொமெலி' பாரசீக-அரபு வழக்கில் 'ஜுலஞ்சபீன்' ஆயிற்று. இரண்டும் ரோசாத் தேன் என்னும் பொருளன. சர்க்கரை வந்தபின் 'குல்கந்து' என்னும் பெயர் வழங்கலாயிற்று. 'குல்' மலர், 'கந்து' சர்க்கரை. தமிழ்நாட்டு நாட்டுமருந்துக் கடைகளில் குல்கந்து கேட்டு வாங்குவோர், ஒரு மாற்றத்தின் இரண்டாம் கட்டப் பெயரையே உச்சரிக்கின்றனர். சிகஞ்சபீன் தன் பெயரை மாற்றாமல் பொருளை மாற்றிற்று. ஜுலஞ்சபீன் பொருளுடன் பெயரையும் மாற்றிற்று. சொல் வரலாற்றை மட்டும் நம்பி மருந்து வரலாறு எழுதுவோர் முதல் மருந்தில் ஏமாறுவர்.

ஐரோப்பாவிலும் இதற்கு இணை உண்டு. நீரோ மன்னனின் மருத்துவர் ஆந்த்ரோமக்கஸ் பெயரால் வழங்கும் 'தேரியாக்' என்னும் நச்சுமுறி, விரியன் பாம்பின் ஊன் உள்ளிட்ட 64 பொருள்களைத் தேனில் குழைத்துச் செய்யப்பட்டது. பல நூற்றாண்டுகள் வெனிஸ் நகரம் இதன் உற்பத்திக்குப் பெயர் பெற்றிருந்தது. 1745இல் வில்லியம் ஹெபர்டன் இதன் பயனின்மையைக் கண்டித்து நூல் எழுதினார். 1788இல் இலண்டன் மருந்துநூல் இதனைக் கைவிட்டது. ஆயினும் ஆங்கிலத்தில் இம்மருந்தின் பெயர் 'ட்ரீக்கிள்' எனத் திரிந்து, இறுதியில் சர்க்கரை ஆலையின் கரும்பாகைக் குறிக்கும் சொல்லாயிற்று. தேனில் குழைத்த அரசமருந்தின் பெயர் கரும்பின் கழிவுப் பாகுக்குச் சென்று சேர்ந்தது.

நக்கி உண்ணும் மருந்து

மரபுகள் ஒன்றிலிருந்து ஒன்று பிறந்தன என்று நிறுவ முற்படுவோர் சொல்லொப்புமையை எளிதில் கருவியாக்குவர். இதில் எச்சரிக்கை வேண்டும். குழைமருந்தைக் குறிக்கும் சொற்களை எடுத்துக்கொள்ளலாம். கிரேக்கத்தின் 'எக்லெய்க்மா', இலத்தீனின் 'லிங்க்டஸ்', அரபியின் 'லஊக்', வடமொழியின் 'லேஹ்யம்' ஆகிய நான்கும் நக்குதல் என்னும் வினையடியிலிருந்து தோன்றியவை. தமிழில் 'இலேகியம்' வடமொழி வழி வந்தது. கிரேக்கம், இலத்தீன், வடமொழி ஆகியவற்றின் வினையடிகள் ஒரே மொழிக்குடும்ப உறவின. அரபுச் சொல்லோ அக்குடும்பத்துக்குப் புறம்பானது. எனவே நான்கையும் ஒரே மூலத்துக்குக் கொண்டுசெல்ல வழியில்லை. தேனில் குழைத்த மருந்தை விரலில் தொட்டு நாவில் வைக்கும் செயல் எங்கும் ஒன்றாதலால் பெயரும் ஒத்தது என்பதே பொருந்தும் விளக்கம்.

இதற்கு மாறாக, உண்மையான கடனுக்கு 'இத்ரிஃபல்' சான்று. யூனானியில் கடுக்காய், தான்றிக்காய், நெல்லிக்காய் ஆகியவற்றைத் தேனிலோ சர்க்கரைப் பாகிலோ குழைத்துச் செய்யும் மருந்துவகைக்கு இப்பெயர் வழங்கும். இது 'திரிபலா' என்னும் இந்தியச் சொல்லின் அரபு வடிவம். இங்கே சொல்லும் பொருளும் சேர்ந்தே பயணம் செய்துள்ளன. பொருள்கள் ஒத்து, அவற்றின் தொகையும் ஒத்து, சொல்லும் ஒலிமாற்ற விதிப்படி அமையும்போதே கடன் என்று துணியலாம். 'சிரப்பு', 'சர்பத்து' ஆகிய இரண்டும் பருகுதலைக் குறிக்கும் ஒரே அரபு வேரிலிருந்து பிறந்து, ஒன்று இலத்தீன், ஆங்கிலம் வழியாகவும் மற்றொன்று பாரசீகம், உருது வழியாகவும் தமிழ்த் தெருக்களை அடைந்தன. இருமல் மருந்துப் புட்டியும் கோடைக்காலக் குவளையும் சொல்லளவில் உடன்பிறந்தவை என்பதை இரண்டையும் விற்போர் எண்ணியிருக்க வாய்ப்பில்லை.

நெருப்பும் தேனும்

தேனின் நுண்ணுயிர் எதிர்ப்பாற்றல் இன்று ஐயத்துக்குரியதன்று. அதன் மிகைச் சர்க்கரைச் செறிவும், இருபது விழுக்காட்டுக்கும் குறைந்த நீரளவும், புளிப்புத்தன்மையும் கிருமிகள் பெருகுவதைத் தடுக்கின்றன. இவற்றுடன், தேன் நீர்க்கும்போது குளுக்கோஸ் ஆக்சிடேஸ் என்னும் நொதி ஹைட்ரஜன் பெராக்சைடை உண்டாக்குகிறது என்பதை 1963இல் ஜொனாதன் வைட்டும் உடன் ஆய்வாளரும் நிறுவினர். இந்த முடிவுகளைப் பழைய மருந்துகளுக்கு அப்படியே சான்றாக்குவதே ஆய்வுக்குரிய சிக்கல்.

கிரேக்க-அரபு மருந்தாளர் பெரும்பாலும் பச்சைத் தேனைப் பயன்படுத்தவில்லை. தேனை அடுப்பிலேற்றி, எழும் நுரையை எடுத்துத் தூய்மை செய்வதே நெறி. 'நுரை நீக்கிய தேன்' என்பது இலத்தீன் மருந்துநூல்களிலும் பாரசீக, உருது மருந்துநூல்களிலும் ஒருபடித்தாக வரும் தொடர். டயஸ்கோரிடீஸின் காடித்தேன் காடியும் உப்பும் நீரும் சேர்த்துப் பலமுறை கொதிக்க வைக்கப்படுவது. யூனானி மஃஜூன்களுக்குத் தேனையோ சர்க்கரையையோ கம்பிப் பதம் வரக் காய்ச்சி, மருந்துத் தூளைப் போல மும்மடங்கு எடையில் சேர்ப்பது பொது வழக்கம். குளுக்கோஸ் ஆக்சிடேஸ் வெப்பத்தில் அழியும் நொதி. கொதித்த தேனில் சர்க்கரைச் செறிவும் புளிப்பும் எஞ்சலாம். 1963இல் விளக்கப்பட்ட செயல் எஞ்சாது. 2008இல் மனுக்காத் தேனில் மெத்தில்கிளையாக்சால் முதன்மைக் காரணி எனக் கண்டதும் நியூசிலாந்துச் செடியொன்றின் தேனுக்கு உரியது. ஹைமெட்டஸ் மலைத் தேனுக்கு அது சான்றாகாது.

போர்க்காயத்துக்குத் தேன் பயன்பட்டமைக்கு ஐரோப்பாவில் தெளிவான ஆவணம் உண்டு. 1403இல் ஷ்ரூஸ்பரிப் போரில் பதினாறு வயது இளவரசர் ஹென்றியின் முகத்தில் அம்பு தைத்து, அதன் முனை ஏறத்தாழ ஆறு அங்குல ஆழத்தில் தங்கிவிட்டது. அறுவை மருத்துவர் ஜான் பிராட்மோர் தம் நூலில் தாம் செய்ததை முறையாக எழுதியுள்ளார். எல்டர் மரத்தின் உலர்ந்த சோற்றியைத் துணியில் பொதிந்து, ரோசாத் தேனில் தோய்த்துக் காயத்தின் வாயை நாளடைவில் அகலப்படுத்தினார். பின்னர்த் தாமே வடிவமைத்த திருகுக் கருவியால் அம்பு முனையை எடுத்தார். வெள்ளை மதுவால் கழுவினார். தேனும் டர்பெண்டைனும் வாற்கோதுமையும் சேர்ந்த களிம்பைத் திரியில் தோய்த்து வைத்து, திரியின் நீளத்தைச் சிறிது சிறிதாகக் குறைத்து உள்ளிருந்து காயம் ஆறச் செய்தார். இளவரசர் பிழைத்து ஐந்தாம் ஹென்றியாக முடிசூடினார். இச்சிகிச்சையில் தேனின் பங்கை எடுத்துரைப்போர் பலர், கருவியின் பங்கையும் திரியைக் குறைத்த பொறுமையையும் அடுத்த இடத்துக்குத் தள்ளுகின்றனர். பிராட்மோரின் எழுத்தில் அவ்வரிசை இல்லை. காயத்தைத் தூய்மை செய்யும் பொருள்களுள் ஒன்றாகவே அவர் தேனைக் கொள்கிறார்.

இந்திய மரபு இவ்விடத்தில் வேறுவழி செல்கிறது. தேனைச் சுடவைப்பதும் வெப்பத்தால் வாடியவர்க்குத் தேன் கொடுப்பதும் தீது என்பது சரக சங்கிதையின் கொள்கை. இலேகியம் கிண்டுவோர் பாகு ஆறிய பின்னரே தேன் சேர்ப்பர். ஒரே மூலிகை, ஒரே தேன், ஒரே நோய் என்றாலும் அடுப்பிலிருந்து இறக்குவதற்கு முன்னா பின்னா என்பதில் இரு மரபுகள் பிரிகின்றன. மருந்துப் பட்டியல்களை மட்டும் ஒப்பிடும் ஆய்வில் இந்தப் பிரிவு புலப்படாது.

சமயச் சான்றும் மருத்துவச் சான்றும்

யூனானியில் தேனின் உயர்நிலைக்குச் சமய நம்பிக்கையே காரணம் என்னும் கருத்து பரவலாக உள்ளது. திருக்குர்ஆனின் தேனீ அத்தியாயம் தேனில் மக்களுக்கு நலம் உண்டு எனக் கூறுவது உண்மை. வயிற்றுப்போக்குற்ற ஒருவனுக்கு மீண்டும் மீண்டும் தேன் கொடுக்குமாறு நபிகள் கூறியதாக வரும் மரபுச் செய்தியும் நன்கறியப்பட்டது. ஆனால் இவற்றை அறிஞர் ஒரே வகையில் படிக்கவில்லை. இப்னு கய்யிம் அல்-ஜவ்சிய்யா (1292–1350) அச்செய்தியைக் கேலனிய முறையிலேயே விளக்குகிறார்: குடலில் தங்கிய மிகைக் கழிவைத் தேன் வெளியேற்றிற்று, நோயின் அளவுக்கு மருந்தின் அளவு நிகராகும்வரை திரும்பக் கொடுக்க வேண்டியதாயிற்று. வரலாற்றாசிரியர் இப்னு கல்தூன் (1332–1406) இதற்கு எதிர்முனையில் நிற்கிறார். நபிகளின் பெயரால் வழங்கும் மருத்துவம் அரேபியரின் வழக்கத்தைச் சார்ந்தது, சமயச் சட்டத்தின் பகுதியன்று என்பது அவர் துணிபு. உளமார்ந்த நம்பிக்கையோடு கொள்ளப்படும்போது அது பயன் தரலாம் என்பதற்கு இத்தேன் நிகழ்ச்சியையே அவர் காட்டுகிறார். ஆறு நூற்றாண்டுகளுக்கு முன்பே இவ்வளவு நுட்பமாக நடந்த விவாதத்தை, 'சமயம் கூறிற்று, மருத்துவம் ஏற்றது' என்னும் ஒற்றை வாக்கியத்தில் அடக்குவது அம்மரபுக்குச் செய்யும் குறைவு.

தமிழ் ஆய்வுக்குரிய படிப்பினை

இரண்டாம் சரபோஜி (1777–1832) தஞ்சையில் நிறுவிய தன்வந்திரி மகாலில் சித்தம், ஆயுர்வேதம், யூனானி, ஐரோப்பிய மருத்துவம் ஆகியவற்றில் வல்லோர் ஒருங்கே பணியாற்றினர். அங்குத் தொகுக்கப்பட்ட முறைகள் தமிழ்ச் செய்யுளிலும் இயற்றப்பட்டன. மரபுகள் ஒன்றையொன்று நேரில் கண்டு, கொண்டும் கொடுத்தும் இயங்கிய களம் அது. அத்தகைய களத்தின் சுவடிகளைப் படிப்போர்க்கு மேற்கண்ட வேறுபாடுகள் இன்றியமையாதவை. ஒரு செய்யுளில் வரும் 'தேன்' பச்சைத் தேனா, நுரை நீக்கியதா, துணைமருந்தாகிய அனுபானமா, குழைக்கும் பாகா என்பதைச் சூழல்கொண்டே முடிவு செய்ய வேண்டும். அகராதியில் ஒரு சொல்லுக்கு ஒரு பொருள் எழுதி அமைவது போதாது. 'மணப்பாகு', 'இலேகியம்', 'சர்பத்து', 'மஃஜூன்' ஆகியவற்றை 'இனிப்பு மருந்து' என்னும் ஒரே வகையில் அடக்கும் பதிப்புகள் செய்முறை அறிவை இழக்கச் செய்கின்றன.

இதில் ஏட்டளவான இழப்பு மட்டுமன்று, உயிர் தொடர்பான பொறுப்பும் உண்டு. ஓராண்டு நிறையாத குழந்தைக்குத் தேன் கொடுத்தலாகாது என்பது இன்றைய மருத்துவத்தின் உறுதியான அறிவுரை. தேனில் இருக்கக்கூடிய பொட்டுலினக் கிருமியின் வித்துகள் குழந்தையின் குடலில் முளைத்து நச்சை உண்டாக்கக்கூடும். பிரித்தானியத் தேசிய வழிகாட்டு நெறிகள் 2018இல் கடும் இருமலுக்குத் தேனைப் பரிந்துரைத்தபோதும் இவ்விலக்கைச் சேர்த்தே கூறின. பிறந்த குழந்தையின் நாவில் சேனை வைக்கும் வழக்கம் புலம்பெயர்ந்த தமிழ்க் குடும்பங்களிலும் தொடர்கிறது. சில வீடுகளில் அது தேனாகவே உள்ளது. 'முன்னோர் அறிவு' என்னும் பெயரில் எழுதப்படும் பாராட்டுரைகள் அவ்வீடுகளில் படிக்கப்படுகின்றன. தேன் யாருக்கு ஆகாது என்பதைக் கேலனும் சரகரும் தத்தம் அறிவின் எல்லைக்குள் சொல்லிச் சென்றனர். அவர்களைப் போற்றுவோர் அப்பகுதியை மட்டும் விட்டுவிடுவது முறையன்று.

முடிவுரை

தேன்மருந்துகளின் வரலாறு ஒரு பொருளின் வெற்றிக் கதையன்று. அது விலக்குகளும் மாற்றீடுகளும் நிறைந்த வரலாறு. ஹிப்போகிரட்டீஸ் பெயரிலான நூல் தயங்கிற்று. கேலன் உடல்களைப் பிரித்தறிந்தார். அரபு மருத்துவர் அவர் காட்டிய காரணத்தாலேயே தேனுக்கு மாற்றாகச் சர்க்கரையைக் கொண்டனர். இப்னு கல்தூன் சான்றின் தன்மையையே வினவினார். ஹெபர்டன் பதினேழு நூற்றாண்டுப் பழமை பயனுக்குச் சான்றாகாது என்றார். இவர்கள் அனைவரும் தம் காலத்தில் திறனாய்வாளரே. பழைய நூல்களில் தேனைத் தேடும் ஆய்வாளர், அதனுடன் அந்நூல்களில் இருக்கும் ஐயத்தையும் சேர்த்தே எடுத்துவர வேண்டும்.